ஈரலுக்குள் ஓடிய ரெலிபோன் வயர்

நான் மொன்றியலில் நான்கு வருடம் ஈரல் கான்சருக்கு ஆராய்ச்சி செய்தவன்.

பொய். போத்தல் கழுவினேன்.

ஆராய்ச்சி நடந்தது உண்மை. அது நடந்த கட்டடத்துக்குள் தினமும் எட்டு மணித்தியாலம் நான் இருந்ததும் உண்மை. மூன்றாம் மாடியில் படித்தவர்கள், நிலத்துக்குக் கீழே நான். அவர்கள் அழுக்காக்கி அனுப்பும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, பெரிய பிறஷர் குக்கர் மாதிரியான ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி, ஆவியில் அவித்து, மேலே திருப்பி அனுப்புவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நானே விட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்வேன். அதுவும் பொய். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. இரண்டு தரம்.

மேலே கான்சர் செல்களை வளர்த்தார்கள். சிவப்புச் சர்பத் மாதிரி ஒரு தண்ணீரில் அவை சாப்பிட்டுப் பெருகும். யாரோ ஒரு மனிதருடைய ஈரலில் இருந்து எடுத்தவையாம். அந்த மனிதர் செத்து எத்தனையோ வருடம். அவருடைய கான்சர் மட்டும் பனியும் தெரியாமல், வேலைக்கும் போகாமல், நேரத்துக்குச் சாப்பாட்டோடு மொன்றியலில் நன்றாக இருந்தது. மிச்சச் சர்பத் குடுவையில் கீழே வரும்போது அதற்குள் உயிரோடு சிலது கிடக்கும், முதலில் ஜவெல் ஊற்று என்று சொல்லியிருந்தார்கள். உடுப்பு வெளுக்க தெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்குகிறோமே, அந்த ஜவெல்தான். ஊற்றினால் சிவப்புப் போய் வெறும் தண்ணீராகும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் செத்துப்போகும்.

ஆகவே கலியாணவீடுகளில் பக்கத்துக் கதிரைக்காரர் "தம்பி என்ன வேலை?" என்று கேட்டால் "கான்சர் ரிசேர்ச்" என்று சொல்ல எனக்குக் கூச்சம் வரவில்லை. உடனே பெண் வீட்டுக்காரர் எழும்பிக் கதிரை தருவார்கள். ஒருமுறை ஓர் அம்மா சாப்பாட்டுப் பந்தியிலேயே நாக்கை நீட்டிக் காட்டினார். நான் குனிந்து பார்த்து, "பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். அவர் இரண்டாவது வடையை என் இலையில் வைத்தார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் கூட்டாளிக்கு ஈரலில் கான்சர் வரும்வரை.

செயின்ட்-மிஷேலில் ஒரே வீட்டில் இரண்டு அறையில் இருந்தோம். அவன் நகரத்துக்குள் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். "நீயும் கழுவுறாய், நானும் கழுவுறன். உனக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு" என்பான். மகள் மனைவியின் வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது வெளிக்கிட்டு வந்தவன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளை அவன் படத்தில்தான் கண்டிருக்கிறான். தாயும் மகளும் கொழும்பில் ஒரு அறை எடுத்து, அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட இவன் கட்டிய ஸ்பொன்சருக்கு விசா வரும் என்று காத்திருந்தார்கள். அந்த வருடம், 2008இல், எந்தக் கிழமையும் வரலாம் என்று கதை.

அந்த வசந்தத்தில்தான் வயிற்றின் வலப்பக்கம் நோகத் தொடங்கியது. இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தி ஒரு துண்டும் எடுத்தார்கள். சின்ன வயதில் எங்கேயோ தொற்றிய மஞ்சட்காமாலைக் கிருமி இருபது வருடம் சத்தமில்லாமல் ஈரலைத் தின்று, இப்போது கட்டியாக நின்றது. ஒன்றல்ல, மூன்று. வெட்ட முடியாது என்றார்கள்.

குடிவரவுப் பத்திரம் நிரப்பும் ஒருவரிடம் யாருக்கோ கேட்பதுபோல விசாரித்தான். ஸ்பொன்சர் கட்டியவர், குடும்பம் வந்து இறங்க முன்னம் செத்தால்? ஃபைலும் செத்தது என்றார் அவர்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு வேலைதான். சாகாமல் இருப்பது. அவர்கள் வந்து இறங்கும் நாள்வரைக்கும். அதற்குப் பிறகு என்னவும் ஆகட்டும் என்று என்னிடம் சொன்னான்.

டொக்டரிடம் போன நாள், கதவடியில் இருந்த தாதி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, கூப்பிட்டால் வருவார் என்று கேட்டார். இவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வேண்டாமெண்டு சொல்லு. தமிழ் ஆள் வந்தால் நாளைக்கு விடியக் கோயில் முழுக்கத் தெரியும். பின்னேரம் கொழும்புக்குத் தெரியும். அவள் அங்கை குளறுவாள், விசாக்காரனுக்குக் கேக்கும்."

"டேய், எனக்கு இங்கிலீசு எங்கை வரும்?"

"நீ கான்சர் ரிசேர்ச்சடா!"

வடை சாப்பிட்ட வாய். என்ன சொல்வது? உள்ளே போனேன்.

டொக்டர் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. அவர் பிரெஞ்சுக்காரருடைய இங்கிலீசில் கதைத்தார். நான் யாழ்ப்பாணத்தானுடைய இங்கிலீசில் கேட்டேன். நடுவில் இங்கிலீசு மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்னவோ, ஒரு தாளை எடுத்து வட்டம் கீறினார். அதுதான் செல். வட்டத்தின் சுவரில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். வெளியிலிருந்து ஏதோ வந்து கிண்ணத்தில் விழுகிறது. அங்கிருந்து ஓர் அம்புக்குறி, அதற்குக் கீழே இன்னோர் அம்புக்குறி, ஒன்று மற்றதைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, கடைசியில் நடுவே போய் "வளர்" என்ற சொல் விழுகிறது. "சிக்னல், சிக்னல்" என்று பலதரம் சொன்னார். நல்ல செல்லில் இந்தச் சிக்னல் வந்துவிட்டு நின்றுவிடும். கெட்டதில் நிற்காது. பிறகு சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறியை வெட்டினார். புதுக் குளிசை, காலை இரண்டு, மாலை இரண்டு, இதைத்தான் செய்யும் என்றார்.

அதோடு இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். "கியூர்" என்று சொல்லித் தலையை இல்லையென்று ஆட்டினார். "மந்த்ஸ்" என்று சொல்லிக் கையை அரைகுறையாக விரித்தார். அந்த இரண்டும் விளங்க எட்டாம் வகுப்பே அதிகம்.

"என்னவாமடா?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். சோதனைப் பெறுபேறு கேட்கும் பெடியன் மாதிரி இருந்தான்.

"செல்லுக்கு வெளியிலை இருந்து ரெலிபோன் வருதாம். வளர் வளர் எண்டு. அதுதான் கட்டி. இந்தக் குளிசை உள்ளுக்குப் போய் ரெலிபோன் வயரை வெட்டுமாம்."

"வெட்டினால்?"

"வெட்டினால் என்ன, கோல் போகாது. கட்டி வளராது."

"உண்மையாவோ?"

"நான் தினமும் பாக்கிறன் மச்சான். எங்கடை இடத்திலை இதுதான் வேலை."

அவன் சிரித்தான். அவன் சிரித்ததைக் கண்டு டொக்டருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார். "யெஸ் டொக்டர், எவ்ரிதிங்" என்றேன். என் வாழ்க்கையில் பிழையில்லாமல் சொன்ன ஒரே இங்கிலீசு வசனம் அதுதான்.

குளிசை தொடங்கி இரண்டாம் கிழமை உள்ளங்கை சிவந்தது. மூன்றாம் கிழமை தோல் உரிந்தது. உள்ளங்காலில் கொப்புளம். இப்படி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். அது எனக்கு விளங்காத பகுதிக்குள் போய்விட்டது. அந்தக் கையோடு அவன் சாப்பாட்டுக்கடையில் கொதிதண்ணீரில் கோப்பை கழுவினான். றப்பர் கையுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து கழன்று வரும். வீட்டில் குதிக்கால் மட்டும் நிலத்தில் படக் குளியலறைக்குப் போவான். நான் கதிரையில் இருந்துகொண்டு, "மாப்பிள்ளை வாறார், மேளத்தை அடியுங்கோ" என்பேன். விரலில் ரேகை போய்விட்டது என்று காட்டினான். "இனி நீ எங்கை களவெடுத்தாலும் பிடிக்கேலாது" என்றேன். அவன் சிரித்தான் என்றுதான் நினைவு. இல்லை, நான்தான் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் கை ஆறத் தொடங்கியது. கொப்புளம் காய்ந்தது. பசி வந்தது. ஆட்டிறைச்சிக் கறிக்கு மூன்றாம் தரமும் சோறு போட்டான்.

"பாத்தியே, உடம்பு பழகிட்டுது" என்றேன்.

"ஓமோம்" என்றான்.

கோயிலில் எனக்குத் தெரிந்த நாலு பேரிடம், பெயர் சொல்லாமல், என் மேற்பார்வையில் ஒரு நோயாளி தேறி வருகிறார் என்று சொல்லியிருந்தேன்.

இலையுதிர்காலத்தில் மறுபடி படம் எடுத்தார்கள். டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூன்று இருந்த இடத்தில் எண்ண முடியவில்லை. பெரியது இன்னும் பெரிதாகி இருந்தது. அவர் எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். குளிசையைத் தினமும் போடுகிறாரா?

"தினமும் போடுறியோ எண்டு கேக்கிறா."

"ஓம், ஓம்."

"யெஸ்" என்றேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"மச்சான், நான் அதை விட்டு ஆறு கிழமை."

"எதை?"

"குளிசையை. வயர் வெட்டியாச்சுத்தானே. வெட்டின வயரை ஏன் திரும்பத் திரும்ப வெட்டுவான்?"

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊரில் வயரை வெட்டினால் வெட்டினதுதான். சண்டை தொடங்கிய வருடம் அறுந்த ரெலிபோன் வயரை அதற்குப் பிறகு ஒருவரும் வந்து ஒட்டவில்லை. தபால் கந்தோரில் கறுப்பு ரெலிபோன் தூசியோடு கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்து, நாட்டை விட்டு ஓடும்வரைக்கும் அது ஒரு தரமும் அடிக்கவில்லை. அந்த ஊர்க்காரனிடம் போய் வயரை வெட்டுகிற குளிசை என்று சொன்னவன் நான்.

"மிச்சக் குளிசை எங்கை?"

"பிஸ்கற் ரின்னுக்குள்ளை இருக்கு. பேந்து ஆரும் வந்து வயரை ஒட்டினால் போடலாமெண்டு வைச்சிருக்கிறன்."

அடுத்த நாள் வேலையில், மூன்றாம் மாடியிலிருந்து போத்தல் எடுக்க ஒரு பிள்ளை வந்தார். சென்னையிலிருந்து படிக்க வந்தவர். முதன்முதலில் என் தமிழைக் கேட்டு, நான் மலையாளி என்று நினைத்து, தனக்கு மலையாளம் வராது என்று மன்னிப்புக் கேட்டவர். அவரிடம் டொக்டர் கீறிய தாளைக் காட்டினேன்.

"பிள்ளை, இந்தக் குளிசை வயரை வெட்டினாப் பிறகு, பேந்தும் ஏன் போட வேணும்?"

"வயரா? அண்ணா, அப்படில்லாம் வெட்டாது. மாத்திரை உடம்புல இருக்கற வரைக்கும் அடைச்சிட்டு நிக்கும், அவ்ளோதான். வெளில தெருவுல ஆரஞ்சு கோன் வெச்சிருக்காங்கல்ல, அந்த மாதிரி. கோனை எடுத்துட்டா வண்டி திரும்பப் போகும்."

"எடுக்காமல் விட்டால்?"

"எடுக்காட்டியும் வண்டிக்காரன் சும்மா நிப்பானா? கொஞ்ச நாள்ல பக்கத்துத் தெரு வழியாப் பூந்து போயிடுவான். செல்லுக்குள்ள நிறைய வழி இருக்கு அண்ணா. ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு. நாங்க மேல அதைத்தான் தேடிட்டு இருக்கோம்."

"அப்ப உந்தக் கோன் என்னத்துக்கு?"

"லேட் ஆகும்ல. லேட் ஆக்கறதுதான் இந்த மருந்தோட வேலையே."

லேட். அவன் கேட்டது அதை மட்டும்தான். சுகப்படுத்து என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

"ஒராள் ஆறு கிழமை விட்டிட்டால் என்ன நடக்கும்?"

அவர் போத்தல் தட்டைக் கீழே வைத்தார். "யாரு விட்டாங்க?"

"சும்மா கேக்கிறன்."

"தெரியாது அண்ணா. விட்டிருந்தாலும் விடாட்டியும் ஒரே மாதிரி ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு வந்திருந்த குடுவைக்குள் ஜவெல் ஊற்றினேன். சிவப்புப் போனது. இவ்வளவு சுகமாகச் சாகிறதுகள். இதை ஏன் அவனுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பகிடி மனதில் வந்தது. சொல்ல ஆள் இல்லாததால் தப்பினேன்.

வீட்டுக்கு வந்து அவனுக்குக் கோன் கதையைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல், பக்கத்துத் தெருவையும் சேர்த்து. சுகம் வராது, மாதக்கணக்குத்தான் என்று டொக்டர் சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன். கேட்டு முடியும்வரை அவன் தன் ஆறிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா உதை முதலே சொல்லேல்லை?"

"வயர் விஷயம் எனக்கு முதல் தெரியாது மச்சான்."

"தெரியாட்டி, ஏன் தெரிஞ்ச மாதிரிக் கதைச்சனி?"

நான் ஒரு பகிடி விடப் பார்த்தேன். வரவில்லை.

அவன் ரின்னைத் திறந்து இரண்டு குளிசையை வாயில் போட்டான். ஒன்பது நாள் போட்டான். அதற்குள் கண் மஞ்சளாகி, வயிறு தண்ணீர் கட்டிப் பானையாக வந்துவிட்டது. இனி இந்த ஈரல் குளிசையைத் தாங்காது, நிறுத்துங்கள் என்றார் டொக்டர். இந்த முறை மொழிபெயர்ப்பாளரை நானே கேட்டேன். வந்தவர் ஒரு வயதான தமிழ் ஆள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். கோயிலில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் விசா வந்தது. தை மாதம் பதினோராம் திகதிக்கு ரிக்கெற்.

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாட்களை எண்ணினான். நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் "இன்னும் எத்தினை?" என்று கேட்பான். இருபது, பதினாலு, ஒன்பது. ஒன்பதுக்குப் பிறகு கேட்பது நின்றது. ஈரல் வேலை செய்யாவிட்டால் கழிவு மூளைக்கு ஏறுமாம். சில நேரம் என்னைக் கடை முதலாளி என்று நினைத்து, கோப்பை முடிந்தது, வீட்டுக்குப் போகட்டோ என்று கடையில் பொறுக்கிய அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டான்.

விமான நிலையத்துக்கு நான் போனேன். கையில் சின்னப் பிள்ளைக்கான குளிர் கோட்டு. இரண்டு வருடத்துக்கு முன் விசா வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பி அவன் வாங்கி வைத்தது. மகள் போட்டுப் பார்த்தாள். கோட்டின் கை அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. "பரவாயில்லை மாமா, அப்பா வாங்கினதுதானே" என்று சொல்லி, வெளியில் பனிக்குள் அப்படியே நடந்தாள்.

நேரே ஆஸ்பத்திரி. அவன் கண் திறந்துதான் இருந்தது. உயிரோடு இருந்தான். தான் எடுத்த வேலையை அவன் செய்து முடித்துவிட்டான். மனைவி கட்டிலடிக்குப் போய்க் கையைப் பிடித்தார். அவன் மிகவும் மரியாதையாக அவரைப் பார்த்தான்.

"பொன்ஜூர், மதாம்," என்றான். "மெர்சி."

மகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்பா என்ன சொல்லுறார்?"

கடைக்கு வரும் ஆளுக்குச் சொல்லும் வணக்கமும் நன்றியும். மறுபடியும் நான்தான் மொழிபெயர்ப்பு.

"வந்திட்டியளோ, களைச்சுப்போனியளோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் "ஓம் அப்பா, ஓம்" என்று அழுதார்கள். அவன் மறுபடியும் "மெர்சி" என்றான். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

அவர்கள் வந்து இறங்கிவிட்டதால் ஃபைல் சாகவில்லை. தாய் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கி, மகளைப் படிப்பித்து, வீடும் வாங்கினார். இப்போது நான் இருந்து இதை எழுதுவது அந்த வீட்டின் கீழறையில்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மேலே அவர்களோடு. "இவர்தான் அப்பாவைக் கடைசிவரைக்கும் பாத்தவர்" என்று வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவார். அப்போதெல்லாம் நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் என்னை ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறார். செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், செயின்ட்-மிஷேல் வீட்டில் அவனுடைய அறையை ஒதுக்கும்போது, பிஸ்கற் ரின்னைத் திறந்தபடியே வெளியில் வந்தார்.

"அண்ணை, இது அவரின்ரை கான்சர்க் குளிசைதானே? இவ்வளவு ஏன் மிச்சம்? அவர் போடேல்லையோ?"

நான் கதிரையிலிருந்து எழும்பினேன். ரின்னைக் கையில் வாங்கினேன். அவர் முகத்தைப் பார்த்து, முதன்முதலாக ஒரு பகிடியும் சேர்க்காமல் நான் சொன்னது என்னவென்றால்…

"அண்ணை! எத்தினை தரம் கூப்பிடுறது? சோறு ஆறுது. எழுதினது காணும், மேலை வாங்கோ!"

"இந்தா வாறன் தங்கச்சி."